கிரெம்லின், காப்ளின் கார்ட்டூன்கள்: கேள்வி பதில்

குமரன்: கிரெம்லின் வரும் கார்ட்டூன்களில் முதலில் எதைப் பார்க்கலாம்?

'ஃபாலிங் ஹேர்', 1943. பாப் கிளாம்பெட் இயக்கியது. எல்லாரையும் அலைக்கழிக்கும் முயல் பக்ஸ் பன்னி இதில் தானே அலைக்கழிகிறான். வெடிகுண்டின்மேல் உட்கார்ந்து, விமானத்தைக் கெடுக்கும் கிரெம்லின் என்ற சேட்டைப் பூதங்களைப் பற்றிப் படித்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். அதே குண்டின் மூக்கை ஒரு குட்டி உருவம் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறது. "நான் அடிக்கிறேன், கொடு" என்று வாங்கி ஓங்கிவிட்டான். அடி விழும் நொடியில்தான் உறைக்கிறது. அதன் பிறகு கடைசிவரை கிரெம்லின் கைதான் மேலே. சேட்டைப் பூதத்தைத் தோற்கடித்துத் திருத்திவிட்டால் அப்புறம் சேட்டை எங்கே இருக்கிறது? கிளாம்பெட் அதைச் செய்யவில்லை. அதனால்தான் இந்தப் படம் எனக்கு உசத்தி.

ஒரு எச்சரிக்கை: இதன் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் வெளுத்துப்போன பிரதிகள் யூடியூப் முழுக்கக் கிடக்கின்றன. செப்பனிட்ட பிரதியைத் தேடிப் பாருங்கள்.

ஷாலினி: 1984-இல் வந்த 'கிரெம்லின்ஸ்' பற்றி?

அது நடிகர்களும் பொம்மைகளும் நடித்த படம். இங்கே கார்ட்டூன் மட்டும்.

அருள்: கிரெம்லினை உருவாக்கியதே எழுத்தாளர் ரோல்ட் டால்தானே?

இல்லை. பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்கள் பேச்சில் அது அவருக்கு முன்பே இருந்தது. காரணம் தெரியாமல் இயந்திரம் மக்கர் செய்தால் பழி கிரெம்லின்மேல் விழும். பழுது பார்க்கும் தோழன் தப்பித்தான். டாலும் அந்தப் படையில் விமானிதான். 1940-இல் லிபியப் பாலைவனத்தில் அவர் விமானம் விழுந்தது.

அருள்: டிஸ்னிக்காகப் புத்தகமே எழுதினாரே! அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பது நியாயமா?

எழுதினார், 1943-இல் வந்தது. பரப்பிய பெருமை அவருக்கு உண்டு, படைத்த பெருமை இல்லை. டிஸ்னி படமாக எடுக்க முனைந்து கைவிட்டது. இறுதி ஒப்புதல் எங்களுக்கே வேண்டும் என்றது பிரிட்டிஷ் விமான அமைச்சகம். ஆளுக்கொரு உருவத்தில் கற்பனை செய்த பிராணியை எப்படி வரைவது என்ற குழப்பம் வேறு. இதற்கிடையில், கிரெம்லின் படம் எடுக்க வேண்டாம் என்று வால்ட் டிஸ்னியின் அண்ணன் ராய் டிஸ்னி மற்ற ஸ்டூடியோக்களைக் கேட்டுக்கொண்டார். பக்ஸ் பன்னி படங்களை எடுத்த வார்னர் ஸ்டூடியோவில் இரண்டு படங்கள் பாதி முடிந்திருந்தன. தலைப்பிலிருந்து கிரெம்லினை எடுத்துவிட்டு வெளியிட்டார்கள். ஒன்று 'ஃபாலிங் ஹேர்'. மற்றது 1944-இன் 'ரஷ்யன் ராப்சடி'. ஹிட்லரின் விமானத்தைக் கிரெம்லின்கள் பிரித்து மேய்கின்றன. அவற்றின் முகங்களைக் கவனியுங்கள்: பல வார்னர் கார்ட்டூன் ஊழியர்களின் முகங்கள்.

தேவி: கிரெம்லின் கார்ட்டூன் ஒன்று சொல்லுங்களேன்?

முதல் பதில்.

யூசுப்: காப்ளின் வரும் முழுநீளப் படம்?

'தி பிரின்சஸ் அண்ட் தி காப்ளின்'. ஜார்ஜ் மெக்டொனால்டின் 1872 நாவலை வைத்து ஹங்கேரியில் 1990-களின் தொடக்கத்தில் எடுத்தது. மேல்நாட்டுக் கதைகளில் வரும் குட்டிச் சேட்டைப் பூதமான காப்ளினுக்கு இந்தக் கதையில் பாதம் பலவீனம், பாட்டு ஆகாது.

ரவி: ஸ்மர்ஃப்?

அந்த நீலநிறக் குட்டி ஆள் சேட்டைப் பூதமே அல்ல.

அருள்: டால் இல்லாவிட்டால் வார்னர் எடுத்திருக்குமா?

அருள், இதற்குமேல் தனி இழை தொடங்குங்கள்.

நிலா: யூடியூப்பில் 'ஃபாலிங் ஹேர்' பார்த்தேன். தலைகுப்புற விழும் விமானம் தரைக்கு மேலே ஏன் அப்படியே நிற்கிறது?

பெட்ரோல் தீர்ந்துவிட்டது. போர்க்கால அமெரிக்காவில் வண்டிகளுக்குப் பெட்ரோல் ரேஷன். 'ஏ' அட்டைக்காரர்களுக்குத்தான் ஆகக் குறைந்த அளவு. பக்ஸ் கைகாட்டுவது கண்ணாடியில் ஒட்டிய 'ஏ' சீட்டை. வெளுத்த பிரதியில் அந்த எழுத்தே சரியாகத் தெரியாது.