எந்த மீனை உண்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடல்வளம் அழிவதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். மீன் உண்பதை அடியோடு விடுவதே கடலைக் காக்கும் ஒரே வழி என்று அது முடிக்கிறது. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் வஞ்சிரமோ இறாலோ உண்டு. பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு வாரம் இருமுறை சுறாப்புட்டு செய்து தருகிறார்கள். இதெல்லாம் தவறா? வளர்ப்பு இறாலுக்கு மாறினால் போதுமா? தடைக்காலத்தில் மீன் வாங்கலாமா? கோவையில் இருப்பவனுக்குப் படகும் தெரியாது, வலையும் தெரியாது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மீன் உண்பதை நிறுத்த வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். நம் சந்தைக்குக் கடலடியை வாரிவரும் இழுவைமடி எனும் வலையின் மீனும், நாட்டுப்படகில் வலை விரித்தும் தூண்டில் போட்டும் பிடித்த மீனும் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் ஒட்டுமொத்தமாக விலகிக்கொண்டால் முதலில் அடிபடுபவர்கள் சிறு படகுக்காரர்களும் கூடை சுமந்து விற்கும் பெண்களும்தான். அந்த மடியை இழுக்கும் விசைப்படகுக்கு இறால் ஏற்றுமதி இருக்கிறது; மடியில் சிக்கி யாரும் உண்ணாத குஞ்சுமீன்களை வாங்கிக்கொள்ள மீன்தூள் ஆலைகள் இருக்கின்றன. எந்த மீன், எந்த அளவில் என்று பார்த்து வாங்குவதற்கு, அடியோடு விடுவதைவிடக் கூடுதல் பயன் உண்டு.

வஞ்சிரத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 70 செ.மீ. வளர்ந்த பிறகே முதல் முறையாகச் சினை பிடிக்கிறது. முழங்கை நீளத்தில் முழுமீனாக, விலை மலிவு என்று சொல்லி விற்கப்படும் வஞ்சிரம் பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிடாதது. துண்டுபோட்டு விற்கும் பெரிய மீன், விலை அதிகமானாலும், தன் பங்குக்குச் சில தலைமுறைகளைக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கக்கூடும். எனவே வஞ்சிரம் வேண்டுமென்றால் பெரியதாக, அரிதாக வாங்குங்கள். ஞாயிறுதோறும் அதுவேதான் வேண்டும் என்று நகரங்கள் எல்லாம் கேட்பதால்தான் சிறியதும் பிடிபட்டு விலைபோகிறது.

அயிலை, மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்றவை விரைவில் வளர்ந்து ஓரிரு ஆண்டுக்குள் இனம் பெருக்குபவை. அன்றாடக் குழம்புக்கு அவையே பொருத்தம். சிறுமீன் என்பதாலேயே அது தீராது என்று பொருளில்லை. கேரளத்தில் 2012-இல் 3.9 லட்சம் டன் அளவுக்குக் கிடைத்த மத்தி, 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்ததாக மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. கடல் வெப்பநிலை, இரைப்பெருக்கம் ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றங்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்றாலும், ஏற்கெனவே குறைந்துவந்த மீனைக் குஞ்சாகவே அள்ளியதும் சேர்ந்துகொண்டது. கேரள அரசு 2015-இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்து, பின்னர் அதை 58 வகைகளுக்கு விரிவாக்கியது. மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ. என்பவை அந்த அளவுகளில் சில. விரற்கடைகளால் அளந்து பார்த்துச் சொல்லிவிடலாம். கடைக்காரரிடம் வாதாடக்கூடத் தேவையில்லை.

சுறாவைப் பற்றி மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன். சுறாக்களில் பல இனங்கள் முதிர்ச்சியடையவே பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, லட்சக்கணக்கில் முட்டையிடாமல் ஒரு சூலில் சில குட்டிகளை மட்டுமே ஈனுபவை. பிடித்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அவற்றால் முடியாது. பால்சுறா என்று வாங்குவது உண்மையிலேயே சிறிய இனமாகவும் இருக்கலாம், பெரிய இனமொன்றின் குட்டியாகவும் இருக்கலாம். தோலை உரித்தபின் நீங்களும் நானும் அதைப் பிரித்தறிய முடியாது. இன்னொன்றும் உண்டு. பிற மீன்களை உண்டு வாழும் பெரிய மீன்களின் உடலில் பாதரசம் சேர்வதால், பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. பாலூறுவதற்கென்றே சுறாப்புட்டு செய்யும் பாட்டிமார் இதைக் கேட்டால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனாலும் உங்கள் மனைவிக்குத் தேவையான புரதத்தை நெத்திலியும் அயிலையும் தாராளமாகத் தரும்.

தடைக்காலத்தில் மீன் வாங்குவது குற்றமன்று. தமிழகத்தில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக நீண்டிருக்கும் இந்தத் தடை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு உரியது. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குச் செல்லலாம். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால், மே மாதக் கோவைக்குக் கேரள, கர்நாடக மீன் முறையாகவே வரும். தடையை நான் வரவேற்கிறேன், ஆனால் அதையே முழு மருந்தாகக் கருதவில்லை: இனப்பெருக்கம் நம் கடலில் ஆண்டின் பல மாதங்களில் நடக்கிறது, தடை முடிந்த நாளிலோ படகுகள் அனைத்தும் ஒருசேரப் பாய்கின்றன.

வளர்ப்பு இறால், கடலைத் தொடாத உணவு அன்று. நம் பண்ணைகளில் 2009 முதல் அனுமதிக்கப்பட்ட வனாமி இறாலின் தீவனத்தில் மீன்தூள் சேர்கிறது. அதாவது மேலே சொன்ன குஞ்சுமீனே வேறு வழியில் உங்கள் தட்டுக்கு வரக்கூடும். நாகை மாவட்டத்து வயல்களும் குடிநீரும் இறால் பண்ணைகளால் உவர்ப்பாவதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அப்பண்ணைகளுக்கு எதிராக அளித்த தீர்ப்பையும் மறக்க வேண்டாம். தீவனமே வேண்டாத, தண்ணீரை வடிகட்டி உண்ணும் சிப்பி வகைகளான மட்டியும் கல்லுமக்காயும் எவ்வளவோ மேல். கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டித் தொழில் 2014-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக நிலைத்த மீன்பிடிப்புக்கான பன்னாட்டுச் சான்று பெற்றது.

வாங்குபவரால் ஆவது ஓரளவே. கரையோரக் கடல்மைல்களை இழுவைமடியிலிருந்து விலக்கிவைக்கத் தமிழகத்தில் 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. மடி அங்கே இன்னும் இழுபடுகிறது. அதைத் தடுப்பது உங்கள் வேலையன்று, அரசின் வேலை. உங்கள் வேலை எளிது: உங்கள் ஊர் உக்கடம் மீன்சந்தையில் லாரி எந்தக் கரையிலிருந்து வந்தது என்பது மொத்த வியாபாரிக்குத் தெரியும், கேளுங்கள், படகு எது என்று அவருக்குத் தெரியாமற்போனாலும், மீன் அளவில் சிறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள்.