மண்டிக் கணக்குக்கு லினக்ஸ் சரிப்படுமா?

கேள்வி: எங்கள் ஜவ்வரிசி மண்டியில் இருப்பது நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாதாம். அதற்குப் பதில் லினக்ஸ் போட்டால் டாலி கணக்கு மென்பொருள், பாமினி ஃபான்ட்டில் அடித்த கடிதங்கள், பிரிண்டர் எல்லாம் ஓடுமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: டாலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் என்பதைப் போட்டு ஓட்டலாம் என்பார்கள். ஜிஎஸ்டி கணக்கை அதை நம்பி விடாதீர்கள். கணக்குக்குத் தனியாக ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் (இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல்) வாங்கிவிடுங்கள். பழையதில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேமும் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் மாட்டி, லினக்ஸில் ஒரு வகையான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பைப் போட்டால் மெயில், கடிதம், பேங்க் வேலைக்குத் தாராளம். விண்டோஸ் 10-லேயே ஓட்டலாம் என்றால், அதற்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

முதலில் பிரிண்டர். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் மின்ட்டை எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து ஒரு தாள் அடித்துப் பாருங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 என்றால் பட்டியலில் பெயர் வரும், தாள் மட்டும் நகராது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதற்கு ஃபர்ம்வேரை (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்ற வேண்டும். எச்பி பிரிண்டர்களுக்கான லினக்ஸ் மென்பொருளான எச்பிலிப்பின் ப்ளகினை நெட்டில் இறக்கினால் சரியாகும். கேனன் எல்பிபி 2900 வைத்திருந்தால் பாடு அதிகம்: கேனனின் கேப்ட் என்ற டிரைவரைத் தேடித் தனியே போட வேண்டும்.

பாமினி ஃபான்ட் கோப்பை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸில் பழைய கடிதங்கள் தெரியும். அது இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் கூளம்தான். பாமினியே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்த ஃபான்ட்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்தால் இன்னொரு கூத்து. விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். காலை 10 மணி பில்லில் 4.30 விழும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் நம்மூர் நேரமாகவும் கொள்வதால் வரும் வினை. லினக்ஸில் அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸ். கரண்ட் அடிக்கடி போகும். அப்டேட் நடுவில் நின்றால் மின்ட் கெட்டுவிடுமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: பெரும்பாலும் கெடாது. அடுத்த அப்டேட் மறுக்கும்போது, அரைகுறையாக நின்றதை முடிக்க ஓட்ட வேண்டிய டிபிகேஜி கட்டளையைத் திரையே சொல்லும். கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலில் அப்படியே அடியுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் அப்டேட்டை மட்டும் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மின்ட்டை இன்ஸ்டால் செய்ய இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. மலைமேல் சிக்னலோடு மல்லுக்கட்டாமல், சேலத்துக்கு இறங்கும் நாளில் பென்டிரைவில் ஏற்றி வாருங்கள்.