முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவின் ஓட்டு

கேள்வி: என் அம்மாவுக்கு 87 வயது. இரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கொஞ்சம் மறதி உண்டு. வாக்காளர் அட்டை பழைய வீட்டு முகவரியில், வேறு தொகுதியில் இருக்கிறது. ‘தேர்தலுக்கு முன்பே இங்கேயே ஓட்டுப் போட வைக்கிறேன்’ என்று ஒருவர் வந்து எல்லோரிடமும் படிவத்தில் கைரேகை வாங்குகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் வைத்திருப்பது படிவம் 12டி-யாகத்தான் இருக்கும். 85 வயதைக் கடந்தவர்கள் இருக்கும் இடத்திலேயே தபால் வாக்குப் போடக் கேட்கும் விண்ணப்பம் அது. நல்ல வசதிதான். ஆனால் விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வாக்காளர் பட்டியலில் அம்மா பெயருக்கு நேரே குறி விழுந்துவிடும். அப்புறம் வாக்குச்சாவடிக்குப் போனாலும் ஓட்டுப் போட விடமாட்டார்கள். ஓட்டு வாங்க வரும் தேர்தல் குழு இரண்டு முறை வந்தும் அம்மா அங்கே இல்லையென்றால் அந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது. நான் தேர்தல் வேலை பார்த்த காலத்தில் ஒரு பாட்டி சாவடிக்கு வந்து, கைரேகை வைத்த நினைவே இல்லாமல் அழுதுகொண்டு திரும்பியதைப் பார்த்தேன்.

முதல் வேலை வேறு. தொகுதி மாறியிருப்பதால் இல்லத்தின் முகவரிக்குப் பெயரை மாற்ற படிவம் 8 கொடுங்கள். பெயர் பழைய தொகுதியில் இருக்கும்வரை இந்தத் தொகுதியின் குழு அம்மாவிடம் வராது. இதை இப்போதே செய்யுங்கள். தேர்தல் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

12டி கொடுக்க, தேர்தல் அறிவிக்கை (அரசிதழில் வரும் முறையான அறிவிப்பு) வெளியானதிலிருந்து ஐந்தே நாள். டிவியில் தேதி சொல்லும் நாள் வேறு, அறிவிக்கை நாள் வேறு. படுக்கையில் இருப்பவருக்கு ஐந்து நாள் கெடு என்று எழுதியவர்கள் ஒருநாள் இல்லத்து வராந்தாவில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். வயதையும் 2024-இல் 80-லிருந்து 85 ஆக்கிவிட்டார்கள். போகட்டும். படிவத்தைக் கொண்டுவரவும் நிரப்பியதை வாங்கிக்கொள்ளவும் வேண்டியவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ. அவர் கையில் மட்டும் கொடுங்கள்.

மறதி இருப்பதால் ஓட்டு இல்லை என்று இல்லத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்தால்தான் பட்டியலில் இருக்கத் தகுதி போகும். டாக்டர் சீட்டோ, மேலாளர் அபிப்பிராயமோ போதாது. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருப்பவரை அந்த முகவரியில் வசிப்பவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. அங்கே பெயர் சேர்க்க முடியாது. அதைக்கூட ‘ஓட்டு இல்லை’ என்று படிக்கக் கூடாது, அவர் பெயர் சொந்த வீட்டு முகவரியில் இருக்கலாம். முதியோர் இல்லம் அந்த வகையே அல்ல.

குழு வரும் தேதியை முன்னதாகச் சொல்வார்கள். அன்று நீங்கள் பக்கத்தில் இருங்கள். வீடியோ எடுப்பார்கள், ஆனால் அம்மா குறியிடுவதை யாரும் பார்க்கவோ படமெடுக்கவோ கூடாது. கை நடுங்கினால் உதவிக்கு யார் என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும், இல்லத்து ஊழியர் அல்ல. குறியிட்ட சீட்டு சின்ன உறைக்குள் போய், பசை ஒட்டி, உறுதிமொழித் தாளோடு பெரிய உறைக்குள் போகும். இரண்டு உறையும் அம்மா கண்முன் ஒட்டப்பட வேண்டும். ‘அப்புறம் ஒட்டிக்கொள்கிறோம்’ என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

அந்த ஆள் ஏற்கெனவே கைரேகை வாங்கியிருந்தால், வாக்காளர் பட்டியலில் உள்ள அம்மாவின் பாகம் எண், வரிசை எண் போட்டு தேர்தல் நடத்தும் அலுவலருக்கு இன்றே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கும் போன் செய்யுங்கள். வாக்காளர் அட்டையை அவர் எடுத்துப் போயிருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள்.