இன்சுலின் பேனா: குத்தி எடுத்த பிறகும் மருந்து சொட்டினால்

அம்மாவுக்குப் போட்டு எடுத்ததும் ஊசி நுனியில் இரண்டு மூன்று சொட்டு வடிகிறது, பேனாவை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். ஊசியோடு ஃபிரிட்ஜில் வைப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; கோளாறு பெரும்பாலும் அதுதான்.

ஊசி மாட்டியிருந்தால் வழி திறந்தே கிடக்கும். குளிரில் மருந்து சுருங்கும்போது காற்று உள்ளே போகும். பொத்தானை அழுத்தும்போது அந்தக் குமிழி நசுங்கி, பிறகு மெதுவாக விரியும். எண் 0 காட்டிய பிறகும் மருந்து வருவது அதனால்தான். ஒரு மி.லி.யில் 100 யூனிட் இருக்கும் இன்சுலினில் 1 யூனிட் என்பது வெறும் 0.01 மி.லி. என்பதால் அந்தச் சொட்டுகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டுங்கள். நுனியை மேலே பிடித்து, விரலால் தட்டி, அளவை 2 யூனிட்டுக்குத் திருப்பி, பொத்தானை அழுத்துங்கள். சொட்டு தெரியாவிட்டால் மறுபடியும். 4 மி.மீ. ஊசி என்றால் நேராகக் குத்தி, 0 வந்த பிறகு நிதானமாக 10 எண்ணுங்கள். கட்டைவிரலை எடுக்காமல் ஊசியை உருவி, உடனே கழற்றிவிடுங்கள்.

வடிந்ததை ஈடுகட்ட உத்தேசமாக இன்னொரு முறை போடாதீர்கள், சர்க்கரை தாழ்ந்துவிடும். குத்தும் இடம் கட்டியாகத் தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.