24 அங்குலத்துக்கும் 25.5 அங்குலத்துக்கும் இடையில் தடுமாறும் விரல்கள்

உவர்மலை வீட்டில் 24 அங்குலத் தந்தி நீளமுள்ள மஸ்டாங் கிற்றாரில் பயிற்சி. வார இறுதியில் நிலாவெளி விடுதியில் நண்பரின் 25.5 அங்குல ஸ்ட்ராட்டோகாஸ்டர். அங்கே தந்தியைத் தள்ளி வளைத்த சுரம் எட்டுவதில்லை, வீடு திரும்பினால் தந்திகளை அழுத்தும்போதே சுருதி ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் காதில் குறையில்லை.

ஒரே தடிப்புள்ள தந்தியை ஒரே சுருதிக்கு முறுக்கினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மஸ்டாங்கில் அது ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு. நெட்டைக் கிற்றாருக்குப் பழகிய அழுத்தம் குட்டைத் தந்திக்கு அதிகம். இரண்டிலும் இப்போது 0.009 கட்டுதான் (அதன் மிக மெல்லிய தந்தி 0.009 அங்குலத் தடிப்பு) என்றால், மஸ்டாங்குக்கு 0.010 போடுங்கள், இழுவிசை ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிடச் சற்றே கூடுதலாக வரும், வளைக்கும் பழக்கத்துக்கு அது நல்லதே. மாற்றியபின் கழுத்தின் வளைவையும் பாலத்தில் (உடற்பக்கத் தந்தி தாங்கி) ஒவ்வொரு தந்தியின் சுருதிச் சீரமைப்பையும் சரிபார்க்க வேண்டும். கடற்காற்றில் தந்தி விரைவில் துருப்பிடிக்கும், வாசித்ததும் துடைத்துவிடுங்கள்.

விரல் விரிப்பு வேறு கதை. நட்டிலிருந்து (தலைப்பக்கத் தந்தி தாங்கி) நான்காவது பிரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி) வரை வேறுபாடு 8 மில்லிமீற்றர்தான், ஆனால் சுண்டுவிரல் அதை நன்றாக உணரும். நண்பரின் கிற்றாரை அரைச் சுரம் இறக்கி, முதல் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்தும் பிடி) மாட்டிப் பாருங்கள். மிஞ்சும் நீளம் 24.07 அங்குலம், கிட்டத்தட்ட உங்கள் மஸ்டாங்கே! புள்ளிக் குறிகள் ஒரு பிரெட் தள்ளித் தெரியும், அதுதான் தொல்லை. மேடையில் கேப்போ பிடிக்காவிட்டால், ஏறுமுன் முதல் நான்கு பிரெட்டுகளில் மெதுவாகச் சற்று நேரம் வாசியுங்கள். மேல் பிரெட்டுகளில் இடைவெளி வேறுபாடு அவ்வளவு உறுத்தாது.