'கவுண்டராக்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? எங்கே பயன்படுத்துவது?

ஒன்றின் விளைவை எதிர்விளைவால் குறைப்பது அல்லது இல்லாமல் ஆக்குவது. 'கவுண்டர்' என்றால் எதிர், 'ஆக்ட்' என்றால் செயல்படு. இரண்டும் ஒட்டிப் பிறந்த சொல்.

குழம்பில் புளிப்பு தூக்கலாகிவிட்டால் சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுகிறோம் அல்லவா? போட்ட புளி அப்படியே குழம்பில்தான் கிடக்கிறது. நாக்கில் அதன் வேகம் மட்டும் அடங்குகிறது. காரணம் அங்கேயே இருக்கலாம், விளைவு மட்டுப்பட்டால் போதும். மருந்து விஷத்தை முறிப்பதற்கும் இதே சொல்தான். தமிழில் 'முறி' என்பதே கச்சிதம்.

எதை முறிக்கிறோமோ அதை வினைக்கு அடுத்து நேரடியாக எழுதுங்கள்: 'கவுண்டராக்ட் தி பாய்சன்'. நடுவில் 'அகைன்ஸ்ட்' நுழைத்தால் பிழை, 'எதிராக' ஏற்கெனவே சொல்லுக்குள் இருக்கிறது.

பலர் நினைப்பதுபோல் ஒருவரை எதிர்த்துப் பேசுவது கவுண்டராக்ட் அல்ல, அதற்கு 'அப்போஸ்'.