அடுப்படியில் போனா, புத்தகமா? கேள்வி பதில்

இருபது வருஷமாகச் சமையல் வகுப்பு எடுக்கிறேன். முன்பெல்லாம் வருபவர்கள் நோட்டும் பேனாவும் கொண்டு வருவார்கள். இப்போது போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். குறிப்பை எதில் பார்த்துச் சமைப்பது என்பதைப் பற்றி மட்டும் இந்த முறை கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

அக்கா, யூடியூப் பார்த்துத்தான் சமைக்கிறேன். கடுகு வெடிக்கும்போது பார்த்து ஸ்கிரீன் அணைந்துவிடுகிறது. கையெல்லாம் மாவு. (ஓசூர், கல்யாணமாகி மூன்று மாதம்)

செட்டிங்ஸில் டிஸ்பிளேவுக்குள் போய் ஸ்கிரீன் அணையும் நேரத்தைப் பத்து நிமிஷமாக்குங்கள். ஐபோன் என்றால் ஆட்டோ லாக்கை நிறுத்தலாம். சமைத்து முடித்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள், சார்ஜ் நிற்காது.

ஆனால் உங்கள் சிக்கல் ஸ்கிரீன் இல்லை தம்பி. கடுகு வெடித்து, உளுந்து சிவந்து, மிளகாய் கருகுவதற்குள் கறிவேப்பிலையைப் போட்டாக வேண்டும். எல்லாம் அரை நிமிஷத்து வேலை. அந்த அரை நிமிஷத்தில் வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்க்க யாராலும் முடியாது. முதலில் உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். பிறகு போடவேண்டிய வரிசையை ஒரு துண்டுத்தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். ஐந்து வரிக்கு மேல் வராது.

ஈரக்கை பட்டால் போன் தானாக எதையெதையோ திறக்கிறது. ரிப்பேரா?

இல்லை. தொடுதிரை விரலை அடையாளம் காண்பது, நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால்தான். தண்ணீரும் கடத்தும். ஒரு சொட்டு விழுந்தால் விரல் என்று நினைத்துக்கொள்ளும். மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மேலிருந்து தொடுங்கள், வேலை செய்யும்.

‘என்னுடையது வாட்டர் புரூஃப்’ என்று சிலர் தைரியமாகக் குக்கர் பக்கத்திலேயே வைக்கிறார்கள். அந்தச் சோதனை சாதாரணத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது. கொதிக்கும் ஆவியும் தெறிக்கும் எண்ணெயும் அதில் சேராது. சூடு வேறு இருக்கிறது. ஐபோனை 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சென்னையில் மே மாதம் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சமையலறை அதைத் தாண்டிவிடும். எதிர்ச்சுவர் அலமாரியில் வையுங்கள்.

மாமியாரின் பழைய சமையல் புத்தகத்தில் ‘ஒரு ரூபாய் எடை புளி’ என்று இருந்தது. ரூபாய் நாணயத்தைத் தராசில் வைத்து நிறுத்துப் போட்டேன். ரசம் தண்ணீர் மாதிரி இருந்தது. (கும்பகோணம்)

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நீங்கள் செய்ததில் தப்பே இல்லை, ரூபாய்தான் இளைத்துவிட்டது. அந்தக் காலத்து ரூபாய் எடை என்பது ஒரு தோலா, கிட்டத்தட்ட 11.7 கிராம். இன்றைய ஒரு ரூபாய் நாணயம் 4 கிராம்கூட இல்லை. புளி மூன்றில் ஒரு பங்குதான் போட்டிருக்கிறீர்கள்.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ சமையல் புத்தகம் வெளிவந்தது 1951இல். மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது 1956இல். அதற்குப் பிறகும் வீடுகளில் ஆழாக்கும் படியும் பல வருஷம் புழங்கின. அதனால் அந்தத் தலைமுறைக் குறிப்புகளைப் படிக்க ஒரு சின்னக் கணக்கு வேண்டும். பலம் என்றால் சுமார் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் புழங்கிய பட்டணம்படிக்கு ஆழாக்கு ஏறக்குறைய 200 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் பென்சிலால் அட்டையின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

‘அடுப்பை நிதானமாக எரியவிட்டு’ என்று இருந்தால் அது விறகடுப்புக்குச் சொன்னது. அதில் இருக்கும் நேரக்கணக்கை உங்கள் கேஸ் அடுப்புக்கு அப்படியே எடுக்காதீர்கள்.

அப்போ இன்டர்நெட் குறிப்பே நல்லதுதானே? எல்லாம் கப் கணக்கில் சுலபமாக இருக்கிறது.

எந்தக் கப்? அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. நம் கடையில் வாங்கும் அளவுக் கப் 250. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. டேபிள் ஸ்பூன் நமக்கு 15 மில்லி, ஆஸ்திரேலியர்களுக்கு 20. குழம்புக்கு இதெல்லாம் பெரிசில்லை. ஒரே கப்பால் எல்லாவற்றையும் அளந்தால் விகிதம் கெடாது. கேக்கில்தான் மாட்டிக்கொள்வீர்கள். மாவைக் கப்பால் அளப்பார்கள், முட்டையை எண்ணிப் போடுவார்கள். கப் மாறினால் முட்டை மாறாதே. கேக்குக்கு மட்டும் கிராமில் சொல்லும் குறிப்பாகத் தேடுங்கள்.

அதிரசப் பாகு எனக்கு வரவே இல்லை. புத்தகம் மூன்று பார்த்துவிட்டேன்.

புத்தகத்தை மூடுங்கள். இங்கே வீடியோதான் ஜெயிக்கும். ‘தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும்’ என்று எத்தனை முறை படித்தாலும், கிண்ணத்துத் தண்ணீரில் பாகு விழுந்து, கரையாமல் விரலில் திரண்டு வருவதை ஒரு தரம் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது. கம்பிப் பதம், முறுக்குமாவு பிசையும் பக்குவம், புரோட்டா வீசுவது எல்லாமே அப்படித்தான். ‘பச்சை வாசனை போகும்வரை’ என்பதை மட்டும் புத்தகமும் காட்டாது, போனும் காட்டாது. பக்கத்தில் ஒரு ஆள் நின்று ‘இப்போ மோந்து பார்’ என்று சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 74 வயது. அம்மா போன பிறகு தானே சமைக்கிறார். புத்தக எழுத்து தெரியவில்லை என்கிறார்.

டேப்லெட் வாங்கிக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, அவர் வழக்கமாகச் செய்யும் பத்துச் சமையலை மட்டும் அதில் போட்டுவையுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பாட்டி கையால் எழுதிய நோட்டு உதிர்கிறது. லேமினேட் செய்யலாமா? (மதுரை)

வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, பிரித்தால் தாளும் சேர்ந்து வரும். முதலில் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஓரத்தில் இருக்கும் மளிகைக் கணக்கையும் விடாதீர்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் சேமியுங்கள், போன் தொலைந்தால் பாட்டியும் தொலைந்துவிடுவாள். அச்செழுத்தாக இருந்தால் கூகுளே தமிழைப் படித்து எழுத்தாக்கித் தரும். கையெழுத்தில் தடுமாறும், ஒருநாள் உட்கார்ந்து நீங்களேதான் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு நோட்டைச் சமையலறையை விட்டு வெளியே எடுத்து, ஒரு துண்டு வசம்போடு பீரோவில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பாட்டி செய்திருக்கக்கூடிய வைத்தியமும் அதுதான்.

ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் குறிப்பு தருகிறது. நம்பலாமா?

நாலு பேர் அளவை நாற்பது பேருக்குப் பெருக்கச் சொல்லலாம். உப்பையும் காரத்தையும் மட்டும் அதன் கணக்குப்படி கொட்டாமல், குறைத்துப் போட்டு ருசி பாருங்கள். தெரியாத பலகாரத்தை அதனிடமிருந்து கற்றுக்கொள்ளாதீர்கள். தப்பையும் அதே தைரியத்தோடு சொல்லும்.

நீங்கள் எதைப் பார்த்துச் சமைக்கிறீர்கள் அக்கா?

தேடுவது போனில். அடுப்படிக்கு வருவது என் நோட்டு. இரண்டு தடவை செய்து சரியாக வந்தால்தான் அதில் ஏறும், அதுவும் என் வீட்டு டம்ளர் அளவில். ‘புது வீட்டுத் தண்ணீருக்குப் பருப்பு இரண்டு விசில் கூட’ என்று என் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. எந்த வீடியோவிலும் அது கிடைக்காது.

அந்த நோட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்களேன்!

என் கையெழுத்தை என் மகளாலேயே படிக்க முடியாது. சாம்பார்ப் பொடி மட்டும் சொல்கிறேன். தனியா அரைக் கிலோ, வற்றல் மிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு கிராம், மிளகு 50, வெந்தயம் 25, விரலி மஞ்சள் 25. பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள், தண்ணீர் பட்டால் மை ஓடிவிடும்.